மன உளைச்சலில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, என்ன செய்யலாம்?

கட்டபெட்டு தேயிலை

வணக்கம். எனக்கு 29 வயது, கோத்தகிரி பக்கம் கட்டபெட்டு. ஜூன் மாதம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து கோவையில் பைபாஸ் செய்தார்கள். கொட்டுகிற மழையில் மலை இறங்கி ஏறி, ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்து, இங்கே இலை பறிக்க ஆள் பிடித்து, பாதிப் பணத்துக்கு நகையை அடகு வைத்து என்று அந்த இரண்டு மாதம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. சரியான சாப்பாடு கிடையாது, தூக்கமும் கிடையாது. ஆனால் அப்போது முடி கொட்டவே இல்லை.

இப்போது அப்பா நன்றாக இருக்கிறார், தோட்டம்வரை நடந்து போய்வருகிறார். செப்டம்பர் கடைசியில்தான் ஆரம்பித்தது. தலையணையில், சீப்பில், சோற்றில்கூட முடி. தலைக்குக் குளித்தால் தண்ணீர் போகிற ஓட்டையே அடைத்துக்கொள்கிறது. முனையில் வெள்ளையாக ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது, வேரோடு வருகிறது என்று பார்க்கவே பயமாக இருக்கிறது. அம்மா கண் திருஷ்டி என்கிறார், அத்தை தண்ணீர்தான் காரணம் என்கிறார், பக்கத்து வீட்டில் கம்பளிக் குல்லாயைக் கழற்றச் சொல்கிறார்கள். கஷ்டம் எல்லாம் முடிந்த பிறகு இப்போது ஏன் கொட்டுகிறது? இப்படியே போனால் மொட்டையாகிவிடுவேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் மருந்துக்கடை

தங்கச்சி, மொட்டை ஆகமாட்டீர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்கு வந்து இதைக் கேட்கிற பெண்கள் எல்லோரும் இந்த ஒரு பயத்தோடுதான் வருகிறார்கள்.

நீங்கள் எழுதியதில் தேதிகளைப் பாருங்கள். ஜூனில் அடி விழுந்தது, செப்டம்பர் கடைசியில் முடி விழுகிறது. நடுவில் மூன்று மாதம். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கும், ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளரும், பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும், அப்புறம் ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வில் கிடந்துவிட்டு விழும். சாதாரண நாட்களில் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும், மீதிதான் ஓய்வில் இருக்கும். அதனால்தான் ஆரோக்கியமாக இருப்பவருக்கும் தினமும் 50 முதல் 100 முடி விழுகிறது. உடம்புக்கோ மனதுக்கோ பெரிய அடி விழும்போது, வளர்ந்துகொண்டிருந்ததில் ஒரு பெரும் பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் ஓய்வுக்குப் போன முடி அன்றே விழாது, தலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து வரும். அதனால்தான் மக்கள் போன வாரம் மாற்றிய ஷாம்பூவையும் தண்ணீரையும் திட்டுகிறார்கள். ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1961ல் இதை விவரித்து எழுதினார், டாக்டர்கள் டெலோஜன் எஃப்ளூவியம் என்பார்கள். டெங்கு, டைபாய்டு மாதிரி கடும் காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி டயட், நெருங்கியவர்களின் சாவு, எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். கொரோனா வந்துபோனவர்களுக்கும் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படித்தான் கொட்டியது.

அந்த வெள்ளைக் குமிழ் வேர் இல்லை. ஓய்வு முடிந்த முடியின் அடிநுனி அது. முடியை உற்பத்தி செய்கிற பை தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. கவாத்து வெட்டிய தேயிலைச் செடியைத் தினமும் பார்க்கிறீர்கள், குச்சி குச்சியாக நின்றாலும் அது செத்துப்போனதாக நீங்கள் நினைப்பதில்லை, அதே மாதிரிதான். சொல்லப்போனால் பல சமயம் புது முடி அடியிலிருந்து கிளம்பும்போதுதான் பழையது விழுகிறது. நெற்றி ஓரத்தில், வகிட்டில் குட்டி குட்டியாக முடி நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

ஊட்டி ரத்தப்பரிசோதனை

லேபில் வேலை செய்கிறேன். மேலே அக்கா சொன்னது சரி, ஆனால் மன உளைச்சல் என்று ஒரு பெயர் வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள். கஷ்டகாலத்தில் சாப்பிடாமல் இருந்திருக்கிறீர்கள். டாக்டரிடம் கேட்டு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்எச், இந்த மூன்றையும் பாருங்கள். பி12, வைட்டமின் டி தேவையா என்பதை அவர் சொல்வார்.

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். அது கையிருப்பில் புழங்குகிற பணம், ஃபெரிட்டின்தான் உடம்பில் இருக்கிற இரும்புச்சத்தின் சேமிப்பு. சேமிப்பு காலியான பிறகும் கொஞ்ச காலம் ஹீமோகுளோபின் நன்றாகவே காட்டும். உலக சுகாதார அமைப்பின் கணக்கில் பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 15க்குக் கீழ் போனால் குறைபாடு. முடி கொட்டுகிறவர்களுக்கு 30க்குக் கீழே இருந்தாலே இரும்பு மாத்திரை எழுதுகிற டாக்டர்கள் நிறையப் பேர். காய்ச்சல், சளி இருக்கும்போது ரத்தம் கொடுக்காதீர்கள், உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும்.

இன்னொன்று, நம் மலைக்காரர்களுக்கு மட்டும். காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு என்பதால் மேலே வாழ்கிறவர்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். உயரத்துக்கு ஏற்ப வரம்பை மாற்றிக் கணக்கிடச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. ஊட்டி 2200 மீட்டருக்கு மேல். சென்னையில் இருக்கிற பெண்ணுக்கு 12 என்றால் பரவாயில்லை, இங்கே இருக்கிற பெண்ணுக்கு அதே 12 ரத்தசோகையாக இருக்கலாம். ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கிற வரம்பு பெரும்பாலும் சமவெளிக்கானது. இதை டாக்டரிடம் நினைவூட்டுங்கள், தப்பில்லை.

முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சாப்பிட்டால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே, டாக்டரைக் கேட்டுவிட்டு, நிறுத்துங்கள். தைராய்டு ரிசல்ட்டையே தப்பாகக் காட்டவைக்கும். 2017ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. இங்கே அந்த மாத்திரையை மிட்டாய் மாதிரி வாங்கிப் போடுகிறார்கள், லேபில் யாரும் சொல்வதும் இல்லை.

கூடலூர் மழை

எனக்குப் பிரசவத்துக்குப் பிறகு இப்படிக் கொட்டியது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று பாட்டி சொல்வார். நான் அதை நம்பவில்லை. அப்புறம் நர்ஸ் அக்கா விளக்கினார். கர்ப்பத்தில் ஹார்மோன் முடியை விழவிடாமல் பிடித்து வைத்திருக்கும், அதனால் அப்போது அடர்த்தியாகத் தெரியும், குழந்தை பிறந்ததும் பிடித்து வைத்தது எல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போகும், மூன்றாவது மாதம் வாக்கில் கொட்டும். குழந்தை முகம் பார்ப்பதும் அதே சமயம்தான். பாட்டி பார்த்தது சரியான காலம். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் எனக்குத் திரும்ப வந்துவிட்டது, முன்பக்கம் மட்டும் குட்டை முடி காதோரம் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், அதைப் பார்த்தே சந்தோஷப்படுவேன்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கூடலூர், பந்தலூரில் ரத்தசோகை என்றால் அது இரும்புச்சத்துக் குறைவு மட்டும் என்று நினைக்கக் கூடாது. அரிவாள் செல் நோய் என்று பரம்பரையாக வரும் ரத்த நோய் ஒன்று இருக்கிறது, அது இந்தியாவில் முதன்முதலில் 1952ல் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். வீட்டில் யாருக்காவது இருந்தால், இரும்பு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாமல் பரிசோதித்துவிட்டுப் போடுங்கள்.

அரவங்காடு ஷிஃப்ட்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எங்கள் அப்பா காலத்தில் கஷ்டம் இல்லையா? ஒன்பது பிள்ளைகள், பசி, குளிர், எல்லாம் இருந்தது. அவர்கள் யாரும் ஸ்ட்ரெஸ் என்று சொல்லிக்கொண்டு உட்காரவில்லை. முடி கொட்டுவது பரம்பரை. அப்பாவுக்கு வழுக்கை என்றால் மகனுக்கும் வழுக்கை. இதற்குப் போய் ரத்தம் எடுத்து, காசு கொடுத்து என்று பயமுறுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது. மனதைத் தைரியமாக வைத்துக்கொண்டால் போதும்.

குன்னூர் மருந்துக்கடை

அண்ணா, பரம்பரையாக வருவது வேறு. ஆண்களுக்கு நெற்றிப்பொட்டில் ஏறி, உச்சியில் மெலிந்து, வருடக்கணக்கில் மெதுவாகப் போகும். பெண்களுக்கு வகிடு அகலமாகிக்கொண்டே வரும். கொத்துக் கொத்தாகக் கையில் வராது. தங்கச்சிக்குத் தலை முழுக்க ஒரே சீராக, திடீரென்று வருகிறது. அப்பா காலத்துப் பெண்களுக்கும் கொட்டத்தான் செய்தது, அவர்கள் அதைச் சுருட்டி உருட்டி வேலியில் செருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மனதைத் தைரியமாக வைத்துக்கொள் என்று சொல்வது எளிது. பச்சைத் தேயிலை விலை விழுகிற மாதம் என் கடையில் தூக்கமாத்திரை கேட்டு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். சீட்டு இல்லாமல் கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பும்போது அவர்கள் முகம் எனக்குத் தெரியும்.

பார்மசி மாணவன், ஊட்டி

மன அழுத்தம் முடியை எப்படிப் பிடிக்கிறது என்று வகுப்பில் படித்தோம், இழைக்குப் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன். 2021ல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எலிகளில் செய்தது. அழுத்தம் வந்தால் அட்ரினல் சுரப்பி விடுகிற ஹார்மோன், முடிப்பைக்கு அடியில் இருக்கிற செல்களைப் பிடித்து, காஸ்6 என்ற புரதத்தை உண்டாக்கவிடாமல் தடுக்கிறது. அந்தப் புரதம்தான் புது முடியை முளைக்கவைக்கிற தண்டுசெல்லை எழுப்புவது. அது வராததால் முடிப்பை ஓய்விலேயே நீண்ட காலம் கிடக்கிறது. அந்த ஹார்மோனே இல்லாமல் செய்த எலிகளில் முடி நிற்காமல் வளர்ந்தது. மனிதர்களுக்கு எலிக்கு நடப்பது அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது, நம் ஹார்மோன் கார்ட்டிசால், எலிக்கு கார்ட்டிகோஸ்டீரோன். ஆனால் கவலை என்பது வெறும் நினைப்பு, உடம்பைத் தொடாது என்று பேசுகிறவர்களுக்கு இது பதில். அரவங்காடு அண்ணா தவறாக நினைக்க வேண்டாம்.

மேல்மலைப் பூண்டு

பூம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், எனக்கு வயது 60க்கு மேல். கண்ணு, பழனிக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வா. மொட்டை போட்டால் புது முடி கருகருவென்று தடித்து வரும், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான். கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய், கறிவேப்பிலை, செம்பருத்தி போட்டு எண்ணெய் காய்ச்சித் தேய். இந்தக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும், வெயிலில் வைத்துத் தேய்க்க வேண்டும்.

குன்னூர் மருந்துக்கடை

அம்மா, முருகனுக்கு முடி கொடுப்பது வேண்டுதல், அதை யாரும் தடுக்க மாட்டோம். ஆனால் முடி கொட்டுவதற்கு மருந்தாக அதைச் செய்ய வேண்டாம். வளர்ந்த முடியின் நுனி தேய்ந்து மெலிந்திருக்கும், சிரைத்த முடியின் முனை மழுங்கலாக இருக்கும், அதனால் தொட்டால் தடிப்பாகத் தெரிகிறது. தோலுக்கு அடியில் எதுவும் மாறுவதில்லை. ஏற்கனவே பயந்திருக்கிற பிள்ளை கண்ணாடியில் மொட்டைத் தலையைப் பார்த்தால் இன்னும் உடைந்துபோகும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், தோள்வரை வர இரண்டு மூன்று வருடம் ஆகிவிடும்.

எண்ணெய் தேய்க்கட்டும். முடி உடையாமல் இருக்கும், சிக்கு குறையும், அம்மா கையால் தேய்த்துவிட்டால் தூக்கமும் வரும். ஓய்வுக்குப் போன முடியை எண்ணெய் திருப்பிக் கூட்டிவராது, அவ்வளவுதான். நம் ஊரில் சிலர் நீலகிரித் தைலத்தை அப்படியே தலையில் ஊற்றித் தேய்க்கிறார்கள், அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள், தோல் வெந்ததுபோல ஆகிவிடும். அந்தப் பாட்டில் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்திலும் இருக்கக் கூடாது, குடித்துவிட்டால் வலிப்பு வரும்.

கட்டபெட்டு தேயிலை

எல்லோருக்கும் நன்றி, இரண்டு தடவை படித்தேன். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். டிஎஸ்எச் நார்மல். ஹீமோகுளோபின் 11.8. ஃபெரிட்டின் 9. டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொன்னார். முடி வளரத் தலையில் தடவுகிற மினாக்சிடில் மருந்தெல்லாம் இப்போது தேவையில்லை என்றார். விரலால் கொஞ்சம் முடியைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார், ஐந்தாறு வந்தது, தலை எங்கேயும் திட்டாக இல்லை என்றார்.

ஊட்டி ரத்தப்பரிசோதனை

9 என்றால் சேமிப்பு காலி. கட்டபெட்டும் உயரமான இடம்தான், 11.8ஐ அலட்சியப்படுத்த வேண்டாம். ஒன்று கேட்கிறேன், ஒரு நாளைக்கு எத்தனை டீ? சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பீர்களா?

கட்டபெட்டு தேயிலை

எங்கள் வீட்டில் அடுப்பில் டீ இறங்குவதே இல்லை. காலை இட்லியோடு, மதியம் சோறு முடிந்த உடனே, இரவிலும். தோட்டத்துக்கும் பிளாஸ்கில் எடுத்துப் போவோம்.

ஊட்டி ரத்தப்பரிசோதனை

அங்கேதான் இருக்கிறது. டீயில் இருக்கிற டானின், கீரை, பருப்பு, ராகியில் இருக்கிற இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பு எடுக்கவிடாமல் செய்யும். இறைச்சியில் இருக்கிற இரும்பை அவ்வளவு பாதிக்காது. டீயை விடச் சொல்லவில்லை, தேயிலை நாட்டில் அது நடக்கிற காரியமும் இல்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காப்பிக்கும் இதுதான். மாத்திரையை டீயோடு விழுங்கவே கூடாது, எலுமிச்சை ஜூஸோடு அல்லது நெல்லிக்காய் கடித்துக்கொண்டு போட்டால் இரும்பு கூடுதலாக உள்ளே போகும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் வேண்டும்.

முருங்கைக்கீரை, அவரை, ராஜ்மா, முட்டை, முடிந்தபோது ஈரல். முடி என்பது பெரும்பாலும் புரதம்தான். பாதித் தட்டு சோறும் ரசமுமாகச் சாப்பிட்டால் முடிக்கு எதுவும் மிஞ்சாது.

பண்ணைக்காடு காப்பி

இழைக்கு நடுவே ஒரு கேள்வி. எனக்கு 34 வயது. பின்மண்டையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக, வழவழவென்று முடியே இல்லாமல் போய்விட்டது, இப்போது தாடியிலும் ஒன்று. மிளகு விலை பிரச்சினையில் கூட்டாளியோடு சண்டை, கோர்ட் வரை போயிருக்கிறது, அந்த டென்ஷன்தான் என்று நினைக்கிறேன். ஊரில் புழுவெட்டு என்கிறார்கள், ஏதோ பூச்சி அரிக்கிறதாம். ஆற்றுத்தும்மட்டிக் காயை அறுத்துத் தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்ததில் தோல் புண்ணாகிவிட்டது. சின்ன வெங்காயமும் தேய்த்தேன்.

குன்னூர் மருந்துக்கடை

தம்பி, தும்மட்டியை உடனே நிறுத்துங்கள். உங்களுக்கு இருப்பது தங்கச்சிக்கு இருப்பது போன்றது இல்லை. பூச்சியும் இல்லை, யாருக்கும் ஒட்டாது. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடிப்பையைத் தாக்குவதால் வருவது, அலோபீசியா ஏரியேட்டா என்பார்கள். கவலை அதைத் தூண்டுகிறதா என்பதில் டாக்டர்களுக்குள் ஒரே கருத்து இல்லை, கோர்ட் வழக்கைக் காரணம் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஒன்றிரண்டு திட்டு என்றால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே வளர்ந்துவிடும், முதலில் வெள்ளையாகக்கூட முளைக்கும். தோல் டாக்டர் திட்டுக்குள் சின்ன ஊசியால் ஸ்டீராய்டு போடுவார், அல்லது களிம்பு கொடுப்பார். வெங்காயச் சாறு இந்த நோய்க்கு உதவியதாக 2002ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது, ஆனால் புண்ணான தோலில் தேய்க்க வேண்டாம். திட்டுகள் பெரிதாகிக்கொண்டே போனால், புருவமும் கண்ணிமையும் சேர்ந்து போனால், காத்திருக்காதீர்கள். இப்போது அதற்குப் புது மாத்திரைகள்கூட வந்துவிட்டன. பண்ணைக்காட்டிலிருந்து கீழே இறங்கினால் திண்டுக்கல்லிலோ தேனியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தோல் பிரிவில் காட்டுங்கள்.

குழந்தைகளுக்குத் திட்டாக, செதில் செதிலாக, அரிப்போடு வந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது ஒட்டும். அதற்குக் களிம்பு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும்.

கொடைக்கானல் வண்டி

சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன், 31 வயது. நெற்றி இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போகிறது, நான்கைந்து வருடமாக. சீசனில் தூக்கமே கிடையாது, அதனால்தான் என்று நினைத்தேன். மேலே படித்த பிறகு இது வேறு என்று புரிகிறது. என்ன செய்யலாம் அக்கா?

குன்னூர் மருந்துக்கடை

ஆமாம் தம்பி, அது பரம்பரை வகை. தூக்கமின்மை அதோடு சேர்ந்து கொஞ்சம் வேகப்படுத்தலாம், காரணம் அது இல்லை. மினாக்சிடில் 5 சதவீதம் தலைத்தோலில் தடவுவது, ஃபினாஸ்டிரைடு மாத்திரை, இந்த இரண்டுக்கும்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது. மினாக்சிடில் ஆரம்பித்த முதல் வாரங்களில் கூடுதலாகக் கொட்டும், பயந்து விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது. நான்கு முதல் ஆறு மாதம் கழித்துத்தான் பலன் தெரியும், நிறுத்தினால் வந்தது போய்விடும். ஃபினாஸ்டிரைடு டாக்டர் சீட்டோடு மட்டும், சிலருக்கு ஆண்மை சம்பந்தமான பக்கவிளைவு வரும், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். கர்ப்பமாக இருக்கிற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூட வேண்டாம்.

கூடலூர் மழை

கட்டபெட்டுத் தோழி, எல்லோரும் ரத்தத்தைப் பற்றியே பேசிவிட்டோம். நீங்கள் முதலில் எழுதியதில் "கஷ்டம் எல்லாம் முடிந்த பிறகு" என்று ஒரு வரி இருக்கிறது. உண்மையிலேயே முடிந்துவிட்டதா? தூங்குகிறீர்களா?

கட்டபெட்டு தேயிலை

கேட்டுவிட்டீர்கள். இல்லை. ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், எழுந்து போய் அப்பா மூச்சு விடுகிறாரா என்று கதவருகில் நின்று கேட்பேன். திரும்ப வந்து படுத்தால் வட்டி நினைப்பு. இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா ஏற்கனவே பயந்துபோய் இருக்கிறார். தம்பி கோவையில் படிக்கிறான், அவனுக்குப் பரீட்சை.

கூடலூர் மழை

அதைச் சொல்லத்தான் வேண்டும். தம்பி சனி ஞாயிறு வந்தால் அந்த இரண்டு ராத்திரி அப்பாவை அவன் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் வேறு வீட்டில் போய்க்கூடத் தூங்குங்கள். பரீட்சை இருக்கிற பையனுக்கு அப்பாவும் இருக்கிறார். வட்டிக் கணக்கை ஒரு தாளில் எழுதி அம்மா முன்னால் வையுங்கள். உங்கள் ஒருத்தி தலைக்குள்ளேயே அது சுற்றிக்கொண்டிருக்கும்வரை ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பத்தான் செய்யும். அப்பாவின் இதய டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது, ராத்திரியில் என்ன அறிகுறி வந்தால் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்டு வாங்கிய பதில் இருந்தால் கதவருகில் நிற்கிற நேரம் குறையும்.

பேச ஆள் வேண்டுமென்றால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் எண், 2022ல் தொடங்கியது. இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104லும் பேசலாம். இது பைத்தியத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தால், அழுகை அடங்காமல் வந்தால், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் முடியைப் பற்றிச் சொல்கிற அதே வாயால் இதையும் சொல்லுங்கள்.

அரவங்காடு ஷிஃப்ட்

தங்கச்சி, மேலே நான் எழுதியதைவிட நீங்கள் எழுதியது எனக்கு அதிகம் சொல்லிவிட்டது. தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்றால் இங்கே கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்திலிருந்து கோத்தகிரி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

பார்மசி மாணவன், ஊட்டி

கொட்டிய முடியைத் தினமும் எண்ணுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். குளிரால் இங்கே நிறையப் பேர் வாரத்துக்கு ஒரு முறைதான் தலைக்குக் குளிக்கிறார்கள். ஆறு நாளாக விழ வேண்டிய முடியெல்லாம் தலையிலேயே தங்கி ஏழாம் நாள் ஒன்றாக வரும், அதைப் பார்த்து மயக்கம் வராத குறைதான். கொட்டிவிடும் என்ற பயத்தில் குளிப்பதை இன்னும் தள்ளிப்போடுவார்கள், அடுத்த முறை இன்னும் அதிகமாக வரும். வாரம் இரண்டு மூன்று முறை, கொதிக்கக் கொதிக்க இல்லாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியுங்கள். பொடுகு அதிகம் இருந்தால் கீட்டோகோனசோல் ஷாம்பூ, தடவி ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். குல்லாய் போடுவதால் முடி கொட்டாது, துவைத்துப் போடுங்கள், அவ்வளவே.

கட்டபெட்டு தேயிலை

தம்பியிடம் போனில் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறானாம். ஒன்று மட்டும் தெரிய வேண்டும், இது எப்போது நிற்கும்?

குன்னூர் மருந்துக்கடை

காரணம் விலகிய பிறகு பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்தில் கொட்டுவது பழைய அளவுக்கு வந்துவிடும். உங்களுக்கு ஜூனில் விழுந்த அடியோடு இரும்பும் தூக்கமும் சேர்ந்திருப்பதால் கொஞ்சம் இழுக்கலாம். பழைய அடர்த்தி கண்ணுக்குத் தெரிய இன்னும் ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும், ஏனென்றால் முளைத்த முடி நீள வேண்டுமே. ஆறு மாதம் தாண்டியும் இதே அளவு கொட்டினால், வகிடு அகலமானால், திட்டு விழுந்தால், மாதவிலக்கு தாறுமாறாகி முகத்தில் முடி வந்தால், தோல் டாக்டரிடம் போங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, இதற்காகக் கோவை இறங்க வேண்டியதில்லை. அதற்குள் விளம்பரத்தில் வருகிற எண்ணெய், சீரம் எதற்கும் காசு போடாதீர்கள். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். கொட்டுவது தானாக நிற்கிற சமயத்தில் கையில் எந்த பாட்டில் இருக்கிறதோ அதற்குத்தான் பெயர் போகும்.

குன்னூர் ரயில்

இதே பிரச்சினை என் தங்கைக்கும், டெங்கு வந்துபோனதிலிருந்து. தை மாதம் கல்யாணம். பாதியாகிவிட்டது முடி. பார்லரில் ஸ்மூத்னிங் செய்தால் அடர்த்தியாகத் தெரியும் என்கிறார்கள். செய்யலாமா?

குன்னூர் மருந்துக்கடை

இப்போது வேண்டாம். சூடும் ரசாயனமும் இருக்கிற முடியையும் உடைத்துவிடும். பத்து சென்டிமீட்டர் குறைத்து வெட்டினால் முனை ஒரே மட்டமாக நின்று அடர்த்தியாகவே தெரியும், அதைச் செய்யச் சொல்லுங்கள். டெங்குவுக்குப் பிறகு வந்தது என்பதைத் தேதியோடு டாக்டரிடம் சொல்லி, ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்யாணத்தன்று ஜடை அலங்காரத்துக்குச் சவுரி வைக்கத்தான் வேண்டியிருக்கும். கனம் குறைந்ததாக வாங்குங்கள், அலங்காரம் செய்கிற அக்காவிடம் முன்பே ஒரு நாள் கூட்டிப்போய்த் தலையைக் காட்டிவிடுங்கள், நெற்றி ஓரத்தில் இறுக்கி இழுத்துக் கட்ட வேண்டாம் என்று. முகூர்த்தத்துக்கும் ரிசப்ஷனுக்கும் ஒரே அலங்காரத்தில் நாள் முழுக்க நிற்காமல், நடுவில் ஒருமுறை பிரித்துவிட்டுத் தளர்வாகப் பின்னிக்கொள்ளட்டும்.